செவ்வாய்க்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ

சனி ஒருவர் அல்ல, மூவர் என்று 1610-ஆம் ஆண்டு கோடையில் கலிலியோ கண்டுபிடித்தார். ஒரே ஒரு சனிக்கே எள் தீபம், காக்கைக்குச் சோறு, திருநள்ளாறு என்று அலைந்துகொண்டிருக்கும் நமக்கு இந்தச் செய்தி அப்போதே வந்து சேராமல் போனது முன்னோர் செய்த புண்ணியம். கலிலியோவைக் குறை சொல்ல முடியாது. கையில் இருந்த குழாயின் லட்சணம் அப்படி. சனியின் இரண்டு பக்கமும் என்னவோ ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. நடுவில் தலைவர், இருபுறமும் கைத்தடிகள் என்று முடிவு கட்டினார்.

வெளியே சொன்னால் எவனாவது தன் பெயரில் போட்டுக்கொள்வான். சொல்லாமல் வைத்திருந்தால் எவனாவது முந்திக்கொள்வான். கலிலியோ ஒரு நடுவழி கண்டார். கண்டுபிடிப்பை லத்தீனில் ஒரு வரியாக எழுதி, எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு, கடவுளுக்கே புரியாத ஒரு கலவையாக்கி அனுப்பிவைத்தார். அது பிராக் நகரத்தில் இருந்த கெப்ளர் கைக்கும் போனது. கெப்ளர் சும்மா இருக்கிற ஆளா? எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி, கொஞ்சம் இழுத்துப் பிடித்து, கடைசியில் விடையைக் கண்டேவிட்டார்: செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள்! கலிலியோ எழுதியது சனியைப் பற்றி. இதில் கூத்து என்னவென்றால், செவ்வாய்க்கு உண்மையிலேயே இரண்டு நிலவுகள்தான். 1877-ல் அமெரிக்காவில் அசாஃப் ஹால் அவற்றைப் பார்த்துவிட்டார். கேட்காத கேள்விக்கு எழுதிய விடைக்கு 267 ஆண்டு கழித்து மார்க் விழுந்த மாணவர் கெப்ளர் ஒருவராகத்தான் இருப்பார்.

1612-ல் கலிலியோ மறுபடி குழாயைத் திருப்பினால், கைத்தடிகள் இருவரையும் காணோம். மனிதர் ஆடிப்போனார். அதற்கடுத்த நாற்பது சொச்ச ஆண்டுகள் ஐரோப்பாவின் பெரிய மண்டைகள் எல்லாம் சனிக்குக் காது வரைந்தன, கைப்பிடி வரைந்தன. ஒருவர் வரைந்தது இன்னொருவருடையதைப் போல இருக்காது. 1659-ல் ஹைகன்ஸ் வந்து, ‘அது ஒரு வளையம், ரொம்பத் தட்டை, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை விளிம்பைக் காட்டும்போது கண்ணுக்குத் தெரியாது’ என்று புத்தகம் போட்ட பிறகுதான் சனிக்குக் காது போய் வளையம் வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு கேமரா மட்டும் இருந்திருந்தால் இத்தனை அடிதடி வந்திருக்காதே என்று தோன்றும். கேமரா பொய் சொல்லாதல்லவா? ஆனால் கேமரா வந்த பிறகு நடந்ததைப் பார்த்தால் கலிலியோ காலமே தேவலை.

1839-ல் டகேர் தன் படமெடுக்கும் வித்தையை உலகத்துக்குக் காட்டினார். மறு வருடமே நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலாவைப் பிடித்துவிட்டார். நிலா இருபது நிமிடம் போஸ் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளை முறைத்துக்கொண்டிருப்பதற்கும் இதே காரணம்தான். பிறகு பாஸ்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜான் விப்பிள் என்பவர், ஹார்வர்டின் 15 அங்குல டெலஸ்கோப்பைக் கடன் வாங்கி அட்டகாசமாக ஒரு நிலாப் படம் எடுத்தார். அது 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்குப் போனது.

அதே கண்காட்சியில் இன்னொரு ஸ்டாலில் ஒரு இயந்திரம் மளமளவென்று காகிதத்தை மடித்துக் கடித உறையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் வாரன் டி லா ரூ. அப்பா தொடங்கிய அச்சு வியாபாரம். சீட்டுக்கட்டில் பெயர் வாங்கிய குடும்பம். 1855 முதல் நம் ஊர்க் கடிதங்களில் ஒட்டிய விக்டோரியா ராணியின் தலைகூட அவர்கள் அடித்ததுதான். இவர் விப்பிளின் நிலாவைப் பார்த்தார். முடிந்தது கதை. பணக்காரர்களுக்குப் பைத்தியம் பிடித்தால் குதிரை வாங்குவார்கள், தேர்தலில் நிற்பார்கள். டி லா ரூ வீட்டுத் தோட்டத்தில், தானே தேய்த்துச் செய்த 13 அங்குல உலோக ஆடியை வைத்துக்கொண்டு இரவில் விழித்திருக்க ஆரம்பித்தார்.

அன்றைய படமெடுப்பு எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, ஈதர் நெடி தூக்கும் கொலோடியனை நடுவில் ஊற்றி, வழியாமல் நாலு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்துப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு இருட்டில் புல்வெளியைத் தாண்டி ஓட வேண்டும். காய்வதற்குள் எடுக்க வேண்டும்; காய்வதற்குள் திரும்ப ஓடிவந்து கழுவியும் முடிக்க வேண்டும். விரலெல்லாம் கறுத்துப் போகும். இதற்கிடையில் பூமி சுற்றுவதை நிறுத்தாது. ஆரம்பத்தில் டி லா ரூவின் டெலஸ்கோப்பில் கடிகாரப் பொறி கிடையாது. நிலா நகர நகரக் கையாலேயே தகட்டை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். அப்போது இடுப்பில் ஒரு எறும்பு கடித்தால் அன்றைய வானியல் அதோடு முடிந்தது.

நிலா நன்றாகவே விழுந்தது. அந்தத் தைரியத்தில், கடிகாரப் பொறி வந்த பிறகு வியாழனையும் சனியையும் கூப்பிட்டார். வந்தார்கள், கடுகளவுக்கு. வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதே முழு நிலாவின் குறுக்களவில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். செவ்வாய் எத்தனை பெருந்தன்மையாக நெருங்கி வந்தாலும் எழுபத்தைந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. பெரிதாக்கினால் மங்கும். மங்கினால் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அதிக நேரம் திறந்து வைத்தால் காற்று உள்ளே புகுந்துவிடும்.

இந்தக் கதையின் வில்லனே அந்தக் காற்றுதான். வியாழனில் பட்டுத் திரும்பிய ஒளி, அரை மணி நேரத்துக்கும் மேலாக விண்வெளியில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் வருகிறது. கடைசி பத்து இருபது கிலோமீட்டரில் நம் காற்றுக்குள் நுழைந்ததும் அதைப் பிடித்துக் கசக்கிவிடுகிறார்கள். சூடும் குளிரும் கலந்த காற்று ஒளியை இங்கும் அங்கும் வளைக்கிறது. சித்திரை வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே எதிரில் வரும் பஸ் நெளிவதும் இதே சேட்டைதான். டெலஸ்கோப்பில் பார்த்தால் கிரகம் கொதிக்கும். நடுநடுவே ஒரு கணம், அரைக் கணம், காற்று அசந்துவிடும். அப்போது எல்லாம் பளிச்சென்று தெரியும். கண் அந்த நொடியைப் பிடித்து மூளைக்குக் கொடுக்கும். மூளை பென்சிலுக்குக் கொடுக்கும். கேமராவுக்கு அந்த விவரம் பத்தாது. திறந்திருந்த நேரம் முழுக்கக் காற்று என்னென்ன பொய் சொன்னதோ எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு வரி விடாமல், ஒரே தகட்டில் வாக்குமூலமாக எழுதி வைக்கும். இத்தனை நேர்மையான சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வழக்கையும் ஜெயிக்க முடியாது.

அதனால் கிரகங்களைப் பொறுத்தவரை பென்சில் கேமராவை நூறு ஆண்டுக்கும் மேலாகத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது. லண்டனுக்கு மேற்கே ஈலிங்கில் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்று ஒருவர். தொழில், சுகாதாரப் பொறியியல். அதாவது சாக்கடையும் கழிப்பறையும். பகலில் ஊராருடைய குழாய்கள், இரவில் தன்னுடைய குழாய். வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலத்துக்கு ஆடி நிறுத்தி, 1879-ல் வியாழனின் சிவப்புப் பொட்டைத் தகட்டில் பிடித்துவிட்டார். அன்றைக்கு அது பெரிய சாதனை. இருந்தாலும் படத்தைப் பார்த்தவர்களுக்கு, ‘இதைத்தான் போன வாரமே இதைவிட நன்றாக வரைந்து வைத்திருக்கிறேனே’ என்று சொல்லத் தோன்றியிருக்கும்.

இந்த நிலைமையில்தான் பெர்சிவல் லோவல் உள்ளே வருகிறார்.

பாஸ்டன் நகரத்துப் பரம்பரைப் பணக்காரர். 1877-ல் மிலான் நகரத்தில் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளைப் பார்த்து வரைந்து வைத்திருந்தார். வரைந்தவர் அதோடு விட்டார், படித்தவர் விடவில்லை. லோவல் 1894-ல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் ஒரு குன்றைப் பிடித்து, வான் ஆய்வகம் கட்டி, பார்க்க ஆரம்பித்தவுடனேயே முழுக் கதையும் தெரிந்துவிட்டது. செவ்வாய் காய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் புத்திசாலிகள். துருவத்துப் பனி உருகும் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கிரகம் முழுக்கக் கொண்டு போகிறார்கள். நூற்றுக்கணக்கில் கால்வாய்களை வரைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். ஒரு கிரகம் பூராவும் தண்ணீரைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்கிறது என்றால் அவர்கள் போரையும் அரசியலையும் கடந்த உயர்ந்த பிறவிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். காவிரிப் பிரச்சினையைப் பார்த்து வளர்ந்த யாரும் இந்த ஒரு பாயின்ட்டில் மட்டும் லோவலை மறுக்க மாட்டார்கள்.

செவ்வாய் போதாதென்று அவர் வெள்ளியையும் விடவில்லை. அந்தக் கிரகத்தைச் சுற்றி வெறும் மேகம். அதுவரை யாரும் அதில் ஒரு மண்ணையும் பார்த்ததில்லை. லோவலுக்கு மட்டும் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி கோடுகள் தெரிந்தன. வெள்ளி கண்ணைக் கூசுகிறது என்று 24 அங்குல லென்சின் வாயை மூன்று அங்குலம் அளவுக்கு அடைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். அப்படிச் செய்தால் டெலஸ்கோப், கண் டாக்டர் விழித்திரையைப் பார்க்கும் கருவியாக மாறிவிடும். மனிதர் பார்த்து வரைந்தது தன் கண்ணுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் நிழலை என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்குக் குறிபார்த்து, தன் உடம்புக்கே மேப் போட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

கோடுகள் கண்ணின் ஏமாற்று என்று சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். 1903-ல் கிரீன்விச்சில் மௌண்டர் என்பவர், பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பையன்களுக்கு முன்னால் கோடே இல்லாத செவ்வாய்ப் படத்தை மாட்டினார். அங்கங்கே புள்ளியும் திட்டும் மட்டும்தான். பார்த்து வரையுங்கடா என்றார். முன் பெஞ்சுக்காரர்கள் புள்ளியை வரைந்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்குப் புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தெரிந்தன. கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கால்வாய் வெட்டியது செவ்வாய்க்காரன் அல்ல, எட்டாம் வகுப்புக்காரன். லோவல் இதைப் பொடியன்கள் தத்துவம் என்று தூக்கி எறிந்தார். பிரான்சில் செவ்வாய்ப் பித்தரான ஃபிளமாரியோன் அதே சோதனையைப் பிரெஞ்சுப் பையன்களை வைத்து நடத்தினார். அவர்கள் ஒரு கோடுகூடப் போடவில்லை. வெள்ளைக்காரப் பையன்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று நினைத்த அறிவியலுக்கு இது ஒரு பாடம்.

சரி, வாய்ச்சண்டை எதற்கு, சாட்சியைக் கூப்பிடுவோம் என்று லோவல் கேமராவைக் கூப்பிட்டார். அவரிடம் வேலை பார்த்த கார்ல் லாம்ப்லண்ட் பொறுமையின் சிகரம். ஒரே தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரிசையாகச் செவ்வாய்களை விழ வைத்து, காற்று எப்போது அசரும் என்று காத்திருந்து எடுத்தார். 1905-ல் கால்வாய் படத்தில் விழுந்துவிட்டது என்று உலகத்துக்குத் தந்தி பறந்தது. லண்டன் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி லாம்ப்லண்டுக்குப் பதக்கமே கொடுத்தது. படம் எவ்வளவு பெரிசு? ஒவ்வொரு செவ்வாயும் ஏறக்குறைய கால் அங்குலம். ரேஷன் கார்டில் ஒட்டக்கூட ஆகாது.

1907-ல் செவ்வாய் மறுபடி நெருங்கி வந்தது. தெற்கு வானில் இருந்தது. உடனே லோவல் பணத்தில் டேவிட் டாட் என்ற பேராசிரியர், தன் கல்லூரியின் 18 அங்குல டெலஸ்கோப்பைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, சிலியின் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் வெட்டவெளியில் நிறுத்தினார். லோவலின் ஆள் ஏர்ல் ஸ்லைஃபர் கூடப் போனார். பதின்மூவாயிரம் செவ்வாய்களோடு திரும்பி வந்தார்கள். எல்லாம் அதே கடுகு சைஸ். ‘செஞ்சுரி’ பத்திரிகை அவற்றைப் போட ஒப்புக்கொண்டது. பிரஸ்ஸில் ஏற்றினால் அச்சுப் புள்ளிகள் கால்வாயைத் தின்றுவிட்டன. கொஞ்சம் டச்சப் செய்து கொள்ளலாமே என்ற பேச்சு எழுந்தது. பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த யோசனையின் தொனி நன்றாகத் தெரிந்திருக்கும். லோவல் எகிறிவிட்டார். ஒரு கோடு கையால் போட்டாலும் சாட்சியின் கதை கந்தலாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் வாசகர்கள் கைக்கு வந்தவை மங்கலான வட்டங்கள். அசல் படங்களைப் பார்த்தவர்களிலும் நம்பிக்கை உள்ளவர்களுக்குக் கால்வாய் தெரிந்தது, இல்லாதவர்களுக்குத் தெரியவில்லை. நாம் அந்த வசதிக்குக் கேமராவே வாங்க வேண்டியதில்லை, சுவரில் ஈரம் பட்ட இடத்தைப் பார்த்தால் போதும்.

டாட்டைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். 1924-ல் செவ்வாய் நெருங்கி வந்தபோது, அங்கிருந்து ரேடியோவில் யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்பதற்காக எல்லா நிலையங்களும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டு, அமெரிக்கக் கடற்படையையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வைத்துவிட்டார். செவ்வாய் பாஷை வந்தால் பெயர்க்க ராணுவத்தின் சங்கேத மொழி நிபுணரும் தயாராக இருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

நடுவில் 1909 செப்டம்பரில், பாரிசுக்குப் பக்கத்தில் மூடோனில் இருந்த 83 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் அன்டோனியாடி உட்கார்ந்தார். சதுரங்கத்தில் பெரிய கைகளோடு மோதுகிறவர். பொறுமைக்குக் கேட்க வேண்டாம். அன்று காற்று அபூர்வமாக அசந்து கிடந்தது. கோடுகள் எல்லாம் உதிர்ந்து திட்டுத் திட்டாகப் போய்விட்டன. கால்வாயும் இல்லை, வாய்க்காலும் இல்லை. லோவல் அசையவில்லை. 1916-ல் கால்வாய்களோடேயே கண்ணை மூடினார்.

ஸ்லைஃபர் அதற்கும் மேலே. சிலிக்குப் போன இளைஞர், கிழவரான பிறகும் செவ்வாயை எடுத்துக்கொண்டே இருந்தார். 1962-ல் அமெரிக்க விமானப்படை ராக்கெட் காலத்துக்காகச் செவ்வாய்க்கு அதிகாரபூர்வ மேப் போட்டது. ஸ்லைஃபரின் புண்ணியத்தில் அதிலும் கால்வாய்கள்! ஆள் 1964 ஆகஸ்டில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் மரைனர் 4 விண்கலம் புறப்பட்டது. 1965 ஜூலையில் செவ்வாயைத் தாண்டிப் பறந்தபடி எடுத்த 22 படங்களில் தெரிந்தது பள்ளமும் குழியும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் சேர்த்திருக்கலாம்.

அந்த முதல் படம் வந்த விதம்தான் இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மரைனர் ஒரு வினாடிக்கு எட்டே சொச்ச பிட் வேகத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல். கலிபோர்னியாவில் எஞ்சினியர்களுக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டர் படமாக்கிக் கொடுப்பதற்குள், வந்த எண்களை நீள நீளக் காகித நாடாவில் அடித்து, பலகையில் பக்கம் பக்கமாக ஸ்டேப்ளர் போட்டு ஒட்டினார்கள். சாம்பல் நிற சாக்பீஸ் வாங்கக் கடைக்குப் போன எஞ்சினியருக்குக் கிடைத்தது கலர் பாஸ்டல். இந்த எண்ணுக்கு மஞ்சள், இந்த எண்ணுக்குப் பழுப்பு என்று எல்.கே.ஜி. பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து கலர் அடித்தார்கள். விண்கலத்துக் கேமரா எடுத்து, செவ்வாயிலிருந்து டெலிவிஷனில் வந்த முதல் படம் கையால் வரைந்தது! டச்சப் கூடாது என்று பத்திரிகையோடு மல்லுக்கு நின்ற லோவல் இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பென்சில் கட்சியின் கடைசி மகத்தான வெற்றியாளர் ஒரு காமெடி நடிகர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில் ஹே. பிரிட்டிஷ் மேடையிலும் சினிமாவிலும் ஒன்றும் தெரியாத வாத்தியாராக வந்து வயிறு குலுங்க வைத்தவர். தென் லண்டனில் நார்பரியில் வீடு. தோட்டத்தில் 6 அங்குல டெலஸ்கோப். 1933 ஆகஸ்ட் 3 இரவு சனியைப் பார்த்தால், நடுவில் பெரிய வெள்ளைப் புள்ளி. ராட்சதப் புயல். காமெடியன் சொன்னால் யார் நம்புவார்கள்? வானியல் விஷயங்களுக்கு மட்டும் அவர் டபிள்யூ. டி. ஹே என்று ரொம்ப மரியாதையாகக் கையெழுத்துப் போடுவது வழக்கம். நம்பினார்கள்.

பிலிம் யுகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூறுகள் வரை கொல்லைப்புறத்தில் எடுத்த வியாழன் என்றால் ஒரு மஞ்சள் உருண்டை, அதில் இரண்டு பட்டை, மீதியெல்லாம் பிலிமின் மணல். ரோலைக் கழுவப் போட்ட ஸ்டூடியோவில் ஒன்றும் விழவில்லை என்று நெகட்டிவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் மாற்றியது, அமெரிக்காவில் இருக்கும் பேரனோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வாங்கிய வெப்கேம். 2000-களின் தொடக்கத்தில் ஃபிலிப்ஸ் டூயுகேம் மாதிரிச் சாமான்களின் லென்சைக் கழற்றி எறிந்துவிட்டு டெலஸ்கோப்பில் செருகினார்கள். செருக என்ன வைத்தார்கள் தெரியுமா? பிலிம் ரோல் வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பா. டெலஸ்கோப்பின் ஒன்றேகால் அங்குலத் துளைக்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தும். செத்துப்போன பிலிமின் டப்பாவில்தான் புது யுகம் பிறந்தது.

சூட்சுமம் ரொம்ப எளிது. போட்டோ எடுக்காதே, வீடியோ எடு. இரண்டு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ஃபிரேம். பெரும்பாலானவற்றில் காற்று தன் பொய்யைச் சொல்லியிருக்கும். அது அசந்த நேரத்து ஃபிரேம்கள் கொஞ்சம் இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தீட்டினால் வியாழன் பளபளவென்று வந்து நிற்கும். பொறுக்கும் வேலையைச் செய்ய நெதர்லாந்துக்காரர் கோர் பெரெவூட்ஸ் 2002-ல் ரெஜிஸ்டாக்ஸ் என்ற புரோகிராமை எழுதி இலவசமாகவே கொடுத்துவிட்டார். நேர்மையான சாட்சியை விசாரிக்கும் வழி கடைசியில் தெரிந்தது: ஆயிரம் தடவை கேட்டு, உளறியதை எல்லாம் கழித்துவிட வேண்டும். ரொம்ப நேரமும் கேட்க முடியாது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் ஆள். சில நிமிடம் தாண்டினால் பொட்டு இழுபட்டுவிடும். சரசரவென்று படம் சுடும் இந்த யோசனைக்கு முப்பாட்டன் ஒருவரும் உண்டு. 1868 கிரகணத்துக்கு அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து போன பிரெஞ்சுக்காரர் ழான்சன், 1874-ல் வெள்ளி சூரியனைக் கடக்கும்போது எடுப்பதற்காக 72 வினாடியில் 48 படம் எடுக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கேமராவை ஜப்பானுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சினிமாவின் தாத்தாக்களில் அதுவும் ஒன்று.

இந்த விளையாட்டில் பூகோளமும் முக்கியம். கிரகம் உச்சிக்கு வந்தால் ஊடே இருக்கும் காற்று குறைவு. இங்கிலாந்தில் அது பல வருடங்கள் கூரை ஓரத்தில்தான் தலை காட்டும். அதனால்தான் டேமியன் பீச் 14 அங்குல டெலஸ்கோப்போடு பார்படோஸ் தீவுக்கு விமானம் ஏறினார். அங்கே எடுத்த வியாழனுக்கு 2011-ல் ஆண்டின் சிறந்த வானியல் புகைப்படக்காரர் பட்டம் கிடைத்தது. பார்படோஸ் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி. சென்னையும் 13 டிகிரி. அவர்கள் டிக்கெட் எடுத்துப் போகும் வானம் நமக்கு மொட்டை மாடியிலேயே இருக்கிறது. கூடவே பகலெல்லாம் குடித்த வெயிலை நடுராத்திரி வரை கக்கும் கான்கிரீட் தளம், சின்டெக்ஸ் தொட்டி, கொடியில் மாமியார் புடவை, ‘தம்பி, எங்க வீட்டு ஜன்னலையா பாக்குறீங்க?’ என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரர், எல்லாம் இலவசம்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு ஆகஸ்டிலும், செவ்வாய் இந்த மாதம் முழு நிலா அளவுக்குத் தெரியும் என்ற செய்தியை குரூப்பில் தட்டிவிடுகிறவர். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் கிட்டத்தட்ட அறுபதாயிரம் ஆண்டுகளில் இல்லாத நெருக்கத்துக்கு வந்தது நிஜம். டெலஸ்கோப்பில் 75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு நிலா தெரிகிற அளவில் இருக்கும் என்று அப்போது யாரோ சரியாகவே எழுதினார்கள். கைமாறிக் கைமாறி வந்ததில் டெலஸ்கோப் எங்கேயோ விழுந்துவிட்டது.

கொல்லைப்புறத்துக்காரர்கள் இப்போது கிரகங்களுக்கு இரவுக் காவல் மாதிரி ஆகிவிட்டார்கள். பிலிப்பைன்சின் செபு நகரத்தில் கிறிஸ்டோபர் கோ 2006 பிப்ரவரியில், வியாழனில் வெள்ளையாக இருந்த ஒரு புயல் சிவந்துவிட்டதை முதலில் கவனித்துச் சொன்னார். பெரிய ஆய்வகங்கள் அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தன. ஆனால் உச்சக்கட்டம் 2009 ஜூலை 19. ஆஸ்திரேலியாவில் முரம்பேட்மன் என்ற சின்ன ஊர். ஆந்தனி வெஸ்லி, கம்ப்யூட்டர் புரோகிராமர். பதினாலரை அங்குல டெலஸ்கோப்பில் வியாழனைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று சரியில்லை. போதும், மூடிவிடலாம் என்ற யோசனை. அதே நேரம் டிவியில் ஒரு பக்கம் கோல்ஃப், இன்னொரு பக்கம் லார்ட்ஸில் ஆஷஸ் டெஸ்ட். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வியாழனின் தென் துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. நிலவின் நிழலோ என்றால் இடம் சரியில்லை, அளவும் சரியில்லை. என்னவோ ஒன்று வியாழனில் போய் மோதி, பூமியின் ஒரு மகாசமுத்திரம் அளவுக்கு வடு போட்டிருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மெயில் தட்டினார். நாசாக்காரர்கள் ஹவாய் மலைமேல் இருந்த டெலஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்து ஆமாம் என்றார்கள். இரண்டு மாதம் முன்புதான் விண்வெளி வீரர்கள் போய்ப் புதுக் கேமரா மாட்டிவிட்டு வந்திருந்த ஹபிள், இன்னும் டெஸ்டிங்கில் இருந்தது. டெஸ்டிங்கை நிறுத்திவிட்டு அதையும் திருப்பினார்கள். கோடி கோடி டாலர் கேமராவின் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது, டிவி பார்த்துவிட்டு வந்த ஒரு மனிதர்.

டிவியில் அந்த இரவு ஆஸ்திரேலியாவின் கிளார்க்கும் ஹாடினும் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவார்கள் போல. மறுநாள் 115 ரன்னில் தோற்றார்கள். லார்ட்ஸ் மைதானத்து ஆஷஸ் டெஸ்டில் 1934-க்குப் பிறகு இங்கிலாந்திடம் ஆஸ்திரேலியா உதை வாங்கியது அதுவே முதல் தடவை. அந்த வாரம் அவர்களுக்கு வெளியே சொல்லிக்கொள்ள வியாழனாவது இருந்தது.